தாடைப் படத்தில் விழுந்த தோடு

என் வீட்டுக்காரிக்கு இடது கீழ்த்தாடை வீங்கியது. புசல்லாவைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்த காலத்திலிருந்தே அவளுக்கு வெற்றிலைப் பழக்கம். புற்றாக இருக்குமோ என்று இருவருக்கும் பயம். கண்டிக்கு பஸ் ஏறினோம். ஜன்னல் பக்கம் அவளுக்குத்தான். அந்தச் சண்டையில் நான் என்றைக்கும் ஜெயித்ததில்லை.

பல் டாக்டர் எங்கள் மகள் வயதுப் பெண். முகத்தைச் சுற்றி ஓடும் மெஷினில் தாடை முழுவதையும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும், நகைகளைக் கழற்றுங்கள் என்றார். இவள் சங்கிலியையும் வலது காதுத் தோட்டையும் என்னிடம் தந்தாள். மற்றத் தோடு எங்கே என்று கேட்பதற்குள் உள்ளே போய்விட்டாள்.

படத்தில் இடது கீழ்த்தாடைக்குள், முளைக்காத ஒரு பல் படுத்துக் கிடந்தது. அதைச் சுற்றி உருண்டையாய்க் கறுப்பு.

"நீர்க்கட்டி மாதிரி இருக்குங்க ஐயா. வலது பக்கம் மேலயும் ஒன்னு இருக்கான்னு பாக்கணும். வெள்ளையா ஏதோ மறைக்குது," என்ற டாக்டர், படத்தில் இடது காதுப் பக்கம் பார்த்துச் சிரித்துவிட்டார். "அம்மா, இந்தக் காதுல தோடு போட்டிருந்தீங்களா? மெஷின் சுத்தி வந்து எடுக்கிறதால அதோட நிழல்தான் எதிர்ப் பக்கம் விழுந்திருக்கு."

இவள் காதை மறைத்திருந்த முடியை ஒதுக்கினாள். "ரெண்டையும் கழட்டினா மூளிக் காதாயிருமே. இவரு குத்துக்கல்லாட்டம் முன்னுக்கு நிக்கிறாரு. ஒன்னாவது கெடக்கட்டும்னு விட்டேன்."

"எனக்கு ஒன்னும் ஆகாது புள்ள. கழட்டு."

"அப்ப நீங்க செவத்தப் பாருங்க."

பார்த்தேன். சுவரில் பெரிய பல் படம் போட்ட கலண்டர். முதுகுக்குப் பின்னால் அவள் மூச்சு கேட்டது. பிறகு என் உள்ளங்கையில் தோடு, காதின் சூட்டோடு. கல்யாணத்துக்கு என் ஆத்தா போட்ட சிவப்புக்கல். மெஷின் ஓடி முடியும்வரை அதை இறுக்கிப் பிடித்திருந்தேன். அந்த வெள்ளைக்குப் பின்னால் இன்னொரு கறுப்பு இருந்துவிடக் கூடாதே என்றிருந்தது.

இரண்டாவது படத்தில் வலது பக்கம் சுத்தமாக இருந்தது.

"ஒரு கட்டிதான். எடுத்து சோதனைக்கு அனுப்புவோம். பாத்தா பயப்படுற மாதிரி தெரியல. ஆனா வெத்தலைய விட்டுருங்கம்மா."

"தோட்டையும் கழட்டச் சொல்றீங்க, வெத்தலையையும் விடச் சொல்றீங்க. இவர மட்டும் வச்சுகிட்டு நான் என்னத்தப் பண்றது?"

வெளியே வந்ததும் வாசலிலேயே காதை நீட்டினாள். தோட்டின் தண்டு ஓட்டைக்குப் பக்கத்தில் குத்தியது.

"பல்லுக்கு வந்த எடத்துல காதப் பிச்சிறாதீங்க."

"ஆடாம நில்லு."

திருகாணி இறங்கும்வரை கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.