தினமும் கழுவிய டிக்கி

ஸ்க்ரூ டிரைவர் பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. நான் குத்தவில்லை, சும்மா ஊன்றினேன். அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள்.

தர்மபுரியில் ரொம்ப வருஷமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். பழைய வண்டி வாங்குகிறவர்கள் "பாய், ஒரு தடவ வந்து பாத்துச் சொல்லுங்க" என்று என்னைக் கூட்டிப்போவார்கள். மீட்டரைத் திருப்பியவன், கெட்டி ஆயிலை ஊற்றி இஞ்சின் சத்தத்தை அமுக்கியவன் என்று எத்தனையோ பிரகஸ்பதிகளைப் பார்த்தாகிவிட்டது. அவர்கள் மேல் கோபம்தான் வரும். அன்றைக்கு மட்டும்தான் எனக்குப் பயம் வந்தது.

1. சின்னசாமிக்கு ஏன் அந்த வண்டிதான் வேண்டும்

சின்னசாமி வத்தல்மலைக்காரர். அவர் மனைவி கமலாவுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது. உட்கார்ந்து வர முடியாது. ஒவ்வொரு முறையும் மலையிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டைஊசி வளைவுகளில் இறக்கிக் கொண்டுவருவதற்குள் அந்த அம்மா வலியில் துடித்துப்போகும்.

"போன ஞாயித்துக்கெழம பாலக்கோட்டுல இருந்து ஒருத்தரு குடும்பத்தோட எங்க மலைக்கு வந்திருந்தாருங்க பாய். எஸ்டேட் காரு, பின்னால டிக்கி நீளமா இருக்குமே அது. பின்சீட்ட மடக்கிப்போட்டு, டிக்கியில அவரு பேத்திங்க ரெண்டும் கால நீட்டித் தூங்கிட்டு இருந்துச்சுங்க. எங்க வூட்டுக்காரியும் இப்படியே படுத்துட்டு வரலாமேன்னு தோணுச்சு. அங்கயே வெலைக்குக் கேட்டுட்டன். குடுக்கறன்னுட்டாருங்க."

"ஓட்டிப் பாத்தியா?"

"எதுக்குங்க பாய்? வண்டி கண்ணாடியாட்டம் இருக்குது."

கண்ணாடியைப் பார்த்து வண்டி வாங்கினால் தலை வாரத்தான் உதவும் என்றேன். சிரித்தார்.

2. ஆறின இஞ்சின்

வண்டிக்காரர் மாதேஷ் தக்காளி வியாபாரி. சின்னசாமியோடு பாலக்கோடு போனதும் முதலில் பானெட்டைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது. நாம் வருவதற்கு முன்னாலேயே ஸ்டார்ட் பண்ணிச் சூடேற்றி வைத்திருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம். இவர் மறைக்கவில்லை. சாவி போட்டதும் பிடித்தது. ஆயில் மூடியைத் திறந்தேன், உள்ளிருந்து காற்று எதிர்த்து அடிக்கும் பேக் கம்ப்ரஷன் இல்லை. நீலப்புகை இல்லை. ரேடியேட்டர் தண்ணீரில் ஆயில் மிதக்கவில்லை. மீட்டர் மூன்று லட்சத்தைத் தாண்டியிருந்தது. கிளட்ச் பெடல் ரப்பரும் அதே கணக்குக்குத் தேய்ந்திருந்தது. அதாவது மீட்டர் பொய் சொல்லவில்லை. மனிதரும் அப்படித்தான்.

"தெனமும் விடியக்காலையில மார்க்கெட்டுல இருந்து ஓட்டலுங்களுக்குப் பழம் எடுத்துட்டுப் போவனுங்க. பெட்டியில நசுங்கி ஒழுகும். ஆனா ஒரு நாள் கூட அப்படியே வுட்டது கெடையாதுங்க பாய். வந்த ஒடனே பம்பு போட்டு டிக்கியக் கழுவிருவன். வருசா வருசம் அடியில கருப்புக் கோட்டிங்கும் அடிச்சிருவன்."

அதைக் கேட்டதும் சின்னசாமி முகம் மலர்ந்தது. எனக்குச் சுருக்கென்றது.

3. மேட்டுக்குக் கீழே

டிக்கியைத் திறந்தேன். கம்மென்று பினாயில் வாசனை. மேட் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. கதவுகளைச் சாத்தி, கண்ணாடிகளை ஏற்றி வெயிலில் கொஞ்ச நேரம் விடச் சொன்னேன். மறுபடி திறந்தபோது பினாயிலுக்கு அடியிலிருந்து ஒரு புளித்த வாடை வந்தது. மேட்டைத் தூக்கினேன். அதற்குக் கீழே இருந்த சணல் விரிப்பு ஈரத்தில் ஊறிச் சொதசொதவென்று கிடந்தது. ஸ்டெப்னியை வெளியே எடுத்தேன். தண்ணீர் வடிகிற ஓட்டைகளை விரிப்பின் பிசிறு அடைத்திருந்தது. அப்புறம்தான் ஸ்க்ரூ டிரைவரை ஊன்றினேன்.

உருவியதும் அந்த ஓட்டை வழியாகக் கீழே மண் தெரிந்தது.

இன்னொரு இடத்தில் ஊன்றினேன். அங்கேயும் போனது. அத்திப்பழத்தைப் புட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்பார்களே, அந்தக் கதைதான். தக்காளிச் சாறு வருஷக்கணக்கில் தகட்டைத் தின்றிருக்கிறது. இவர் கழுவக் கழுவ, சாறு தண்ணீரோடு சேர்ந்து விரிப்புக்கு அடியிலேயே தங்கிவிட்டது. கீழே படுத்துப் பார்த்தேன். பின் ஷாக் அப்சார்பரைத் தாங்கும் மவுண்ட் பாதிச் சுற்றுக்கு விரிசல் விட்டு நின்றது. வருஷா வருஷம் அடித்த கருப்புக் கோட்டிங்தான் தகடு மாதிரி அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. மலை இறக்கத்தில் ஒரு பெரிய பள்ளம் போதும், மவுண்ட் பிய்த்துக்கொண்டு டிக்கிக்குள் ஏறிவிடும்.

அதைச் சொன்னேன். சின்னசாமிக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. "ஐயோ, இதுலயா அவளப் படுக்க வெச்சு..." என்று நிறுத்திக்கொண்டார்.

மாதேஷ் டிக்கிக்குள் குனிந்தார். கை அந்த ஓட்டையின் ஓரத்தைத் தடவியது. தகடு அப்பளமாக உதிர்ந்து விழுந்தது. "நான் கழுவித்தானுங்க பாய் வெச்சிருந்தன்" என்றார். பிறகு, "ஞாயித்துக்கெழம பேத்திங்க ரெண்டும் இதே எடத்துலதானுங்க தூங்குச்சுங்க" என்றார்.

போனை எடுத்து வீட்டில் மனைவிக்குப் போட்டார். ஸ்பீக்கர் சத்தமாகவே இருந்தது.

"புள்ளைங்க எங்க?"

"இங்கதான் படுத்துத் தூங்குதுங்க. ஏனுங்க, என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. எழுப்பாத, தூங்கட்டும்."

அந்த வண்டியை அவர் விற்கவில்லை. ஒர்க்‌ஷாப்புக்குக் கூட ஓட்டிவர மறுத்துவிட்டார். லாரியில் ஏற்றிக் காயலான் கடைக்கு அனுப்பினார். பிறகு சின்னசாமிக்கு வேறொரு வண்டி பார்த்துக் கொடுத்தேன். பானெட் பக்கம் நான் நின்றுகொண்டிருக்க, அவர் நேராகப் பின்னால் போய் மேட்டைத்தான் முதலில் தூக்கினார்.

வண்டி பார்க்கப் போகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். கிலோமீட்டர் அதிகம் ஓடியதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இஞ்சின் கெட்டால் வண்டி நடுரோட்டில் நிற்கும், அவ்வளவுதான். எதை ஏற்றினார்கள், எப்படிக் கழுவினார்கள் என்று கேளுங்கள். ஏமாற்றுக்காரனிடம் நாமாகவே உஷாராக இருப்போம். மாதேஷ் மாதிரி நல்லவர் விற்கும்போதுதான் ஸ்க்ரூ டிரைவரைப் பையிலேயே விட்டுவிட்டு வரத் தோன்றும். எடுத்துப் போங்கள்.