கத்தியை வைத்துச் சொன்ன கதை

யாரும் எட்டிப் பார்க்காத சின்னப் படங்களைத் தேடித் தேடிப் பார்ப்பார் அந்த முடிதிருத்துபவர். தொண்டையில் கத்தி இருக்கும்போது எவரும் குறுக்கே பேச மாட்டார்கள் என்பதால், அப்போதுதான் அவற்றைப் பற்றிச் சொல்வார். அன்றும் லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தாடி மழித்தபடியே, காது கேளாத தபால்காரர் ஒருவரைப் பற்றிய படத்தைக் கடைசிக் காட்சிவரை உருகி உருகிச் சொல்லி முடித்தார்.

மெக்கானிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அருமைங்க."

"அப்ப இன்னைக்கே போய்ப் பாருங்க. நாளைக்குத் தியேட்டர்ல இருந்து தூக்கிடுவாங்க."

"அதான் முழுசா சொல்லிட்டீங்களே, இனி எதுக்கு?"

முடிதிருத்துபவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போன மாசம் வந்த அந்தப் பெரிய ஹீரோ படத்தை மட்டும் மூணு தடவை பார்த்தீங்களே. அதோட கதை தெரியாதா?"

"அதுல கதைன்னு ஒண்ணு இருந்தாத்தானே தெரியறதுக்கு" என்றபடி மெக்கானிக் எழுந்து, கண்ணாடியில் தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.