கட்டிலுக்கு எதிரே ஒரு குழந்தை

என் மகளுக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்? இன்றுவரை தெரியவில்லை.

எனக்கு இது ஏழாவது மாதம். தேரடித் தெரு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிவந்த பால் பவுடர் காலண்டரை மாமியார் என் கட்டிலுக்கு எதிரே மாட்டினார். ரோஜா நிறத்தில், நீலக் கண்களோடு ஒரு குழந்தை. கீழே, ‘அழகான குழந்தை, ஆரோக்கியமான குழந்தை’ என்று அச்சிட்டிருந்தது.

“காலைல எழுந்ததும் இதப் பாரும்மா. இதாவது செவப்பா பொறக்கட்டும்” என்றார். நானும் பார்த்துவந்தேன்.

என் ஐந்து வயது மகள் நல்ல கறுப்பு. ஒருநாள் அவளுக்குத் தலை பின்னும்போது கேட்டாள்.

“யாரும்மா இந்தப் பாப்பா?”

“யாரோ. இதப் பாத்துக்கினே இருந்தா நம்ம பாப்பாவும் இப்படி அழகா பொறக்குமாம்.”

பாதிப் பின்னலோடு என் பக்கம் திரும்பினாள்.

“நான் வயித்துல இருந்தப்ப நீ பாக்கலியாம்மா?”

பார்த்தேன். அப்போதும் இதே சுவரில் இப்படி ஒரு படம் இருந்தது. ‘பார்த்தேன்’ என்றாலும் அவளுக்கு வலிக்கும், ‘இல்லை’ என்றாலும் வலிக்கும்.

“நேரமாச்சு, ஸ்கூலுக்குக் கெளம்பு” என்றேன்.

காலண்டரைக் கழற்றினால் மாமியார் வருந்துவார். உண்மையில், கழற்ற எனக்கும் பயம்தான். இப்போது தினமும் காலையில் எழுந்ததும் அவளே அந்தப் படத்தின் முன் போய் நிற்கிறாள்.

சகோதரிகளே, நீங்கள் அவளிடம் என்ன சொல்வீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள்.