மஞ்சள் பட்டை

பருந்துக் குஞ்சின் இறக்கையில் எண் எழுதிய மஞ்சள் பட்டையைக் கட்டி, கூட்டை விட்டுப் பறந்தபின் அது எங்கே போகிறது என்று தேடிப் பார்ப்பது அப்போது என் வேலை. கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு செம்பருந்துக்குக் கட்டினேன். கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும் ஊர்கள்தானே, யார் தொடப்போகிறார்கள் என்று ஒருவரிடமும் சொல்லி வைக்கவில்லை.

அதைத் தேடி வடக்கனந்தல் பக்கம் போனபோது, களை வெட்டிவிட்டு வீடு திரும்பிய ஒரு பெண்ணிடம் அவள் வாசலில் விசாரித்தேன்.

“மஞ்ச கட்டுனதா? எங்க வூட்டு மேலயே சுத்திக்கினு இருந்துச்சுங்க. அன்னிக்கே புள்ளைக்கு ஜுரம். எங்க ஓரகத்திதான் மந்திரம் எழுதிக் கட்டி ஏவி உட்டுட்டா. புடிச்சி எறக்கைய அறுத்து, முச்சந்தியில மொளகா போட்டுக் கொளுத்தினோம்.”

“உங்க ஓரகத்தி?”

“ஒத்துக்கல. முடிய அறுத்து உட்டாங்க.”

எதிர்வீட்டு வாசலில் தலையில் துண்டு போட்டபடி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். என் பையில் அதே மஞ்சளில் பத்துப் பட்டைகள் இருந்தன. ஒன்றை எடுத்துக் காட்டினால் போதும்.

அதற்குள் களை வெட்டியவளின் புருஷன் அரிவாளோடு வந்தான். “யாரு நீ? இன்னா வோணும்?”

“கோழி வாங்க வந்தேன்,” என்றேன்.

“இங்க இல்ல.”

திரும்பி நடந்தபோது துண்டு போட்டவள் எழுந்து வந்தாள். “எங்க வூட்டுல கோழி இருக்குதுங்க. எங்களாண்டதான் யாரும் வாங்க மாட்டறாங்க.”

நேராகப் போய் சின்னசேலம் பஸ்ஸில் ஏறினேன்.

உண்மையைச் சொல்லாததற்கு அரிவாளைக் காரணம் சொல்லிக்கொள்கிறேன். அவளிடம் ஒரு கோழி வாங்காமல் வந்ததற்கு இன்றுவரை ஒரு காரணமும் கிடைக்கவில்லை.