இத்திரிப்போல

மீன்தொட்டியின் மூடியைத் திறந்ததும் அழுகின தீனியின் நாற்றம் முகத்தில் அடித்தது. தண்ணீர் கஞ்சித்தண்ணி மாதிரி கலங்கிக் கிடந்தது.

"யாரு தீனி போட்டது?"

"இத்திரிப்போலதான் போட்டேன் மக்கா" என்றாள் அம்மா, அடுக்களையிலிருந்து.

சின்ன வயதில் குழித்துறை வீட்டிலும் இதே நாற்றம்தான். அப்பா வாங்கித் தந்த கலர் மீன்களுக்குக் காலையில் நான் தீனி போடுவேன். பிறகு அப்பா இத்திரி போடுவார். அம்மா இத்திரி போடுவாள். வீட்டுக்கு வருகிறவர்களும் இத்திரி போட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள். எங்கள் ஊரில் இத்திரி என்றால் கொஞ்சம். எவ்வளவு கொஞ்சம் என்று ஒருவரும் சொன்னதில்லை. ஒருநாள் மீன்களெல்லாம் வயிறு உப்பி மிதந்தன. "பட்டினி போட்டுக் கொன்னுட்டியேலே" என்று அம்மா என்னைத்தான் ஏசினாள்.

"அதுக்கு வயிறே கடுகளவுதாம்மா. இனி தொட்டியத் தொடாத" என்று இன்று கத்தினேன்.

தண்ணீரை மாற்றிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். இரண்டாம் முறை சோறு வாங்கியபின், போதும் என்று தட்டின் மேல் கையை விரித்தேன். அம்மா கையை ஓரமாகத் தள்ளிவிட்டு, கரண்டி நிறையச் சோற்றைக் கவிழ்த்தாள்.

"இத்திரிப்போலதான் மக்கா."