ஆடிட்டுக்காகக் கழுவிய சேறு

ஒரகடத்தில் எங்கள் கம்பெனி செய்யும் கருவி, கடலுக்குள் ஒலியை அனுப்பி, அது தரையில் மோதித் திரும்பும் விதத்தை வைத்து அடியில் கிடப்பது சேறா, மணலா, பாறையா என்று சொல்லும். பாறை ஒலியை ஓங்கித் திருப்பும். சேறு பாதியை விழுங்கிவிடும். பக்கத்தில் கடல் இல்லாததால் ஷெட்டுக்குள் ஒரு பெரிய தொட்டி. அதன் அடியில் இறக்கிச் சோதிக்க, சேறும் மணலும் கல்லும் நிரப்பிய மூன்று டப்புகள். பொறுப்பு என்னுடையது. இருபது வருடமாகக் கடலடியைப் படிக்கிறேன், நீச்சல் தெரியாது.

ஆர்டர் கொடுத்தவர்கள் ஆடிட்டுக்கு வருகிறார்கள் என்றதும் வழக்கமான காய்ச்சல் தொடங்கியது. தரையின் மஞ்சள் கோடு முதல் துடைப்பம் வரை எல்லாம் புதிதாக வேண்டும். அந்த வேகத்தில் என் கண் சேற்று டப்பின் மேல் விழுந்தது. கறுத்துப்போய், பார்க்கவே அவமானமாக இருந்தது. அதைத் தூக்கிப் போடச் சொல்லிவிட்டு, படப்பைப் பக்கத்து ஏரியிலிருந்து சேறு வரவழைத்து, கழுவி, சலித்து, தண்ணீர் விட்டு நானே பிசைந்து, கொழுக்கட்டை மாவைப் போல வழவழவென்று இன்னொரு டப்பில் நிரப்பினேன்.

மறுநாள் காலை, அவர்கள் வர ஒரு மணி நேரம் இருக்கும்போது கருவியை ஓட்டிப் பார்த்தேன். திரையில் 'பாறை'. மறுபடியும் 'பாறை'. ஆர்டர் போனால் கூடவே நானும் போக வேண்டியதுதான்.

லைனில் வேலை பார்க்கும் குன்றத்தூர் அம்மா எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், மூஞ்சி இப்டி கீது?"

"சேத்தப் போயி பாறைங்குதும்மா."

"மிஷின் மேல தப்பில்ல சார். நேத்து அந்தப் பிசை பிசைஞ்சிகினு இருந்தீங்களே, உள்ள பூரா காத்து. பாருங்க, இன்னும் கொப்புளம் வுடுது."

உண்மைதான். சேற்றில் சிக்கிய காற்று ஒலியைப் பாறையைப் போலவே திருப்பும். புதிதாகச் சேருபவர்களுக்கு இந்தப் பாடத்தை எடுப்பதே நான்தான்.

"பழைய சேறு இருந்திருந்தா..."

"கீது சார். ஷெட்டுக்குப் பின்னால, மேல தண்ணி நிக்க அப்டியே மூடி வச்சிருக்கேன்."

"தூக்கிப் போடச் சொன்னேனே?"

"ஆடிட் முடிஞ்சா எல்லாத்தையும் பழைய எடத்துலதான சார் வைப்போம்?"

உற்சவரைத் தூக்குவதைப் போல நான்கு பேர் அலுங்காமல் தூக்கி வந்து தொட்டிக்குள் இறக்கினோம். 'சேறு' என்றது திரை. அந்தச் சொல்லை அவ்வளவு அன்போடு நான் அதற்குமுன் வாசித்ததில்லை.

வந்தவர்கள் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டுக் கிளம்பினார்கள். அம்மாவிடம் நன்றி சொல்லப் போனேன்.

"அதெல்லாம் வேணாம் சார். ஒரு டீ வாங்கிக் குடுங்க. இனிமே சேத்துல மட்டும் கைய வைக்காதீங்க."

டீயோடு வடையும் வாங்கிக் கொடுத்தேன். பிறகு மிச்சமிருந்த மஞ்சள் பெயின்டில் பழைய டப்பின் மேல் என் கையாலேயே எழுதினேன்: 'கழுவக் கூடாது'. அடுத்த ஆடிட்டில் அந்த எழுத்தைப் பார்த்து என்னைப் பாராட்டினார்கள். நான் லைன் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அம்மா குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார்.