கடிக்காதுங்க மிஸ்

ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் நான் குடும்பநல மருத்துவிச்சி. தெரியாத நாயிடம் எப்படி அறிமுகமாவது என்று கேட்டால் பாடமே எடுப்பேன். கண்ணைப் பார்க்கக் கூடாது, பக்கவாட்டில் நிற்க வேண்டும், அதுவாக வந்து மோந்து பார்க்கும்வரை கையை நீட்டக் கூடாது. முதலில் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அன்று பத்து மணிக்கெல்லாம் காலை வெயில் போய், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தின் மேல் மூடுபனி இறங்கியிருந்தது. பிறந்து இருபது நாளான ஆண் குழந்தையைப் பார்க்கப் போயிருந்தேன். அந்த வீட்டு வாசலில் செம்மண் நிறத்தில் ஒரு நாய் நின்றது. குரைக்கவில்லை. வாலும் ஆடவில்லை.

"நாய் கடிக்குமா?" என்று கேட்டேன்.

"கடிக்காதுங்க மிஸ், சும்மா வாங்க" என்று குரல் வந்தது.

பக்கவாட்டில் நின்றேன். நாய் கிட்டவே வரவில்லை. தலையைத் தொங்கப்போட்டு என்னைத் தாண்டி எங்கோ பார்த்தது. அதுதான் சொல்லிவிட்டார்களே என்று ஓர் அடி வைத்தேன்.

மூன்று கதவு தள்ளி ஒரு பெண் வெளியே வந்தாள். அவள் காலடியில் ஒரு குட்டை நாய். "நான் இந்த நாயச் சொன்னேங்க மிஸ்" என்றாள் அதே குரலில். "அது யாரு நாயின்னே தெரியல."

லயத்தின் நடுச்சுவர்கள் கூரையைத் தொடுவதில்லை. எந்த அறையில் பேசினாலும் எதிரிலிருந்து பேசுவதுபோலக் கேட்கும். பத்து வருடமாகத் தெரிந்ததை அன்று மறந்து தொலைத்தேன்.

நாயின் வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கியது. விசர் பிடித்த வெறிநாய். குடையை முன்னால் பிடித்துக்கொண்டேன். அது பின்னங்கால் தடுமாற என் குடையை உரசிக்கொண்டு, சத்தமில்லாமல் பனிக்குள் போனது.

கதவு திறந்தது. கைக்குழந்தையோடு தாய், பக்கத்தில் நாலு வயது மூத்த மகள்.

"போயிருச்சாங்க மிஸ்? பாவம், யாரையும் கடிக்கல. இவ முழங்கால் புண்ணத்தான் நக்குச்சு."

புண்ணிலோ வாயிலோ அந்த எச்சில் பட்டால் கடித்த மாதிரிதான். மூத்தவளைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்ப் பீலிக்கு ஓடினேன். அவள் அழ அழ, கால் மணி நேரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். தாயைக் குழந்தையோடு வீட்டில் விட்டுவிட்டு, அவளை ஆட்டோவில் மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

ஊசி போட்டு முடிந்ததும் எனக்கு மூச்சு வந்தது. கெட்டிக்காரி என்று கன்னத்தைத் தட்டினேன்.

"தம்பிக்கு ஊசி இல்லையா மிஸ்?" என்றாள். "காலையில அம்மா தம்பிய வாசல்ல வெயிலுக்குப் போட்டிருந்தாங்க. அவனையும் நக்குச்சு."

எங்கே என்று கேட்டேன். அவள் தன் உதட்டைத் தொட்டுக் காட்டினாள்.